நல்ல தண்ணீர் எங்கே போனது

அந்த முறை வந்த தண்ணீர் பில்லைப் பார்த்ததும் வேறு யார் வீட்டுப் பில்லையோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வழக்கத்தைவிட மூன்று மடங்கு இருந்தது. கதவு எண்ணைப் பார்த்தேன், எங்களுடையதுதான். இணைப்பு எண்ணைப் பழைய பில்லோடு வைத்துப் பார்த்தேன், அதுவும் சரியாக இருந்தது. 'பயன்பாடு' என்று போட்டு அதற்கு நேரே இருந்த எண்ணைத்தான் எங்களுடையது என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் ஒரு சாயப்பட்டறையில் லேப் பார்க்கிறவன். பனியன் துணிக்கு வெளிநாட்டுக்காரன் கேட்கிற நிறம் வருகிறதா என்று சின்னக் குப்பிகளில் சாயம் கலந்து, ஒரு முழத் துணியை நனைத்துப் பார்த்துச் சொல்வது என் வேலை. முப்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன். ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும், அடர்ந்த நிறமென்றால் எத்தனை அலசல் வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். என் வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

வீட்டில் நானும் என் மனைவியும்தான். ஒரே மகளைத் தாராபுரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். அதில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே பனியன் கம்பெனியில் டெய்லர்கள்.

எங்கள் பகுதியில் எல்லார் வீட்டிலும் இரண்டு தண்ணீர் உண்டு. போர்க்குழாயிலிருந்து வருவது உப்புத் தண்ணீர். அது குளிக்க, துவைக்க, கக்கூஸுக்கு. மாநகராட்சிக் குழாயில் ஐந்து நாளைக்கு ஒருமுறை வருவது நல்ல தண்ணீர். அது குடிக்க, சமைக்க. அது வரும்போது முற்றத்தில் தரைக்கடியில் இருக்கிற சம்ப்பில் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து மோட்டாரில் மாடி டேங்க்குக்கு ஏற்றிக்கொள்வோம். பில் வருவது இந்த நல்ல தண்ணீருக்கு மட்டும்தான்.

ஒரு சனிக்கிழமை பெர்மிஷன் போட்டுவிட்டு பில்லை எடுத்துக்கொண்டு வார்டு ஆபீசுக்குப் போனேன். மேஜையில் இருந்த அம்மாள் பில்லை வாங்கிப் பார்த்து, பேனாவால் மூன்று இடத்தில் கோடு போட்டார்.

"இது போன தடவை ரீடிங்குங்க. இது இந்தத் தடவை ரீடிங்கு. இதுல இருந்து அதைக் கழிச்சா இந்த யூனிட்டு. ஒரு யூனிட்டுன்னா ஆயிரம் லிட்டரு. ஒரு அளவு வரைக்கும் ஒரு ரேட்டு, அதைத் தாண்டுனா ரேட்டு மாறுமுங்க. நீங்க தாண்டிட்டீங்க. அதான் இவ்வளவு."

"மீட்டர் கோளாறா இருக்குமுங்களா?"

"புது மீட்டரு சார் அது. ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. சம்ப்பு நெறஞ்சிட்டா பந்து மேல வந்து தண்ணிய அடைச்சிரும், மீட்டரு நின்னுரும். அப்ப ஓடுனதெல்லாம் உங்க சம்ப்புக்குள்ள போனதுதானுங்க. உள்ள போனது எங்க போச்சுன்னு நீங்கதான் பாக்கோணும்."

பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு இதே மாதிரிதான் நான் சொல்லித் தருவேன். போனதும் வந்ததும் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் எங்கோ ஓட்டை என்று. அந்த அம்மாள் அதற்கும் ஒரு வழி சொன்னார். வெளியூர் போகிற நாளில் மோட்டார் போடாமல் சம்ப்பில் மட்டத்தைக் குறித்து வைத்துவிட்டுப் போங்கள், திரும்பி வந்து பாருங்கள், இறங்கியிருந்தால் கசிவு, இல்லாவிட்டால் செலவு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொங்கலூரில் ஒரு கல்யாணம். நாங்கள் காலையிலேயே கிளம்பினோம். மாடிக்காரர்களும் சினிமாவுக்குப் போவதாகச் சொன்னார்கள். சம்ப்பு மூடியைத் தூக்கி, நீள மூங்கில் குச்சியை விட்டு, ஈரம் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். மாலையில் வந்து திரும்ப விட்டுப் பார்த்தேன். கோடு அப்படியே இருந்தது. ஒரு விரல்கூட இறங்கவில்லை.

அப்படியானால் செலவு. உடனே எனக்குத் தோன்றியது மாடிதான். இப்போது அதை எழுத வெட்கமாக இருக்கிறது. என் வீட்டுக்குள்ளேயே ஒருவர் இருக்கிறார் என்பது நினைவில் வராமல், வெளியூர்க்காரர்கள்மேல் முதலில் கை நீண்டது. மறுநாள் அந்தப் பெண் வேலையிலிருந்து வந்து படியேறும்போது நிறுத்தினேன்.

"தண்ணி பில்லு எக்கச்சக்கமா வந்திருக்குது. நல்ல தண்ணியப் பாத்துச் செலவு பண்ணுங்க" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

அவள் மூச்சு வாங்க நின்றாள். "அண்ணாச்சி, காலைல எட்டு மணிக்குப் போனா ராத்திரிதான் வாறோம். குடிக்கவும் பொங்கவும் ரெண்டு குடம் புடிச்சு வச்சா எங்களுக்கு மூணு நாளைக்கு ஓடும். வேணும்னா நீங்களே மேல வந்து பாருங்க."

"சொல்லி வெச்சேன், அவ்வளவுதான்."

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் மனைவி உள்ளேயிருந்து நிலைப்படிக்கு வந்தாள். அந்தப் பெண் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு மேலே ஏறிப் போய்விட்டாள். அந்தப் பார்வை என்ன என்று நான் அப்போது யோசித்திருக்கலாம்.

பிளம்பரைக் கூப்பிட்டேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் அவர்தான் வருவார். மொட்டை மாடியில் ஏறி, இரண்டு டேங்க்கையும் சுற்றி வந்து, குழாய்களைக் கையால் தட்டிப் பார்த்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கசிவெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. லைனை மாத்துனா இப்படித்தானுங்க ஆகும்."

"எந்த லைனை?"

"அம்மிணிதானுங்க சொன்னாங்க. நாலு மாசம் இருக்கும். உப்புத் தண்ணி லைனை அடைச்சுப்போட்டு, பாத்ரூமு, துவைக்கிற எடம், மாடி, எல்லாத்துக்கும் நல்ல தண்ணி டேங்க்குல இருந்து கொடுக்கச் சொன்னாங்க. கொடுத்தேன். உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது. போர் மோட்டார் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே சிலந்தி வலை கட்டியிருந்தது. நான்கு மாதமாக நான் நல்ல தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்திருக்கிறேன். சோப்பு முன்னைவிட நன்றாக நுரைக்கிறதே என்று ஒருநாள் நினைத்ததும், புது சோப்பு போலிருக்கிறது என்று அதற்கு நானே காரணம் சொல்லிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. தண்ணீரின் கடினத்தன்மையைத் தினமும் அளந்து பதிவேட்டில் எழுதுகிற வேலை எனக்கு.

கீழே வந்து என் மனைவியைக் கேட்டேன். அவள் பருப்பு கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஆமாங்க. நாந்தான் மாத்தச் சொன்னனுங்க."

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா வேண்டாம்பீங்க."

"எதுக்கு மாத்துன?"

"உப்புத் தண்ணி ஆகறதில்லீங்க" என்றாள். பருப்பை வடித்துவிட்டு மறுபடி தண்ணீர் விட்டுக் கழுவினாள். நான் அதை எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அது ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ என்று தெரிந்திருக்கும்.

அவளைக் கேட்காமலே பிளம்பரிடம் லைனைப் பழையபடி மாற்றச் சொன்னேன். சமையலறைக் குழாய்க்கு மட்டும் நல்ல தண்ணீர், மற்றதெல்லாம் உப்புத் தண்ணீர். கூடவே, பட்டறையில் செய்கிற மாதிரியே வீட்டிலும் ஒவ்வொன்றாகச் செய்தேன். சமையலறைக் குழாயின் வாயில் தண்ணீரைச் சிதறவிடும் சல்லடை மூடி மாட்டினேன். ஆர்.ஓ. மெஷின் கழித்து ஊற்றுகிற தண்ணீருக்குக் கீழே ஒரு பக்கெட் வைத்து, வீடு துடைக்க அதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அரிசி கழுவின தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு. பாத்திரத்தைக் குழாய்க்கு அடியில் பிடிக்காமல் குண்டானில் முக்கி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அவள் நின்று படித்துவிட்டு, "சரீங்க" என்றாள்.

தண்ணீர்ச் செலவு குறையவில்லை. குச்சியை விட்டுத் தினமும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அளந்தேன். நான் வீட்டிலிருந்தால் மட்டம் மெதுவாக இறங்கியது. வேலைக்குப் போய்விட்டு வந்தால் ஒன்றரைச் சாண் இறங்கியிருந்தது. அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பகல்ல என்னதான் பண்ற? யாருக்காவது தண்ணி கொடுக்கறயா?"

"இல்லீங்க."

"அப்பறம் எங்க போகுது?"

அவள் கைகளைப் புடவைக்குள் மடித்து வைத்துக்கொண்டாள். அந்த ஒரு மாதமாகவே அப்படித்தான் நின்றாள் என்பது பின்னால்தான் எனக்கு உறைத்தது. "பாத்துச் செலவு பண்றனுங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். முப்பது வருடத்தில் அவள் என்னிடம் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

அதற்கு மறுநாள்தான் அதைச் செய்தேன். வேலைக்குக் கிளம்புமுன் மொட்டை மாடிக்குப் போய் நல்ல தண்ணீர் டேங்க்கின் வால்வை மூடினேன். கீழே வந்து சம்ப்பு மோட்டாரின் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சமையலறையில் இரண்டு குடம் நல்ல தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். "சாயங்காலம் வரைக்கும் இதுல ஓட்டு. எவ்வளவு தேவைன்னு இன்னைக்குத் தெரிஞ்சிரும்" என்றேன். அவள் குடங்களைப் பார்த்தாள். முகத்தில் பயம் இருந்தது. நான் அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

பதினொரு மணிக்கு மாடிப் பெண்ணிடமிருந்து போன். அன்றைக்கு அவர்கள் கம்பெனியில் தைக்கத் துணி வரவில்லை என்று அவள் வீட்டில் இருந்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, வேலைய அப்படியே போட்டுட்டு வீட்டுக்கு வாங்க. அக்காவுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா உடனே வாங்க."

நான் போனபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. முற்றத்தில் சம்ப்பின் இரும்பு மூடி ஒருபக்கம் தள்ளிக் கிடந்தது. பக்கத்தில் துணி காயப்போடும் நைலான் கயிறு கட்டிய ஒரு பிளாஸ்டிக் வாளி. என் மனைவி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். புடவை நெஞ்சுவரை நனைந்திருந்தது. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதைக் கையால் அள்ளி அள்ளி அந்த முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

மாடிப் பெண் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தொட்டிக்குள்ள பாதி உடம்பு தொங்கிட்டு இருந்தாவ அண்ணாச்சி. வாளி எட்டல போல. படுத்துக்கிட்டு உள்ள குனிஞ்சிருக்காவ. சத்தம் கேட்டு ஓடி வந்து இடுப்பப் புடிச்சு இழுத்தேன். நான் மட்டும் கம்பெனிக்குப் போயிருந்தா…"

எட்டடி ஆழம். குழாயில் தண்ணீர் வந்து அது நான்காவது நாள், தண்ணீர் இரண்டடிக்குமேல் இருந்திருக்காது. தலைகீழாக விழுந்திருந்தால் அந்த இரண்டடி போதும்.

சமையலறைக்குள் போய்ப் பார்த்தேன். இரண்டு குடமும் காலி. பாத்திரம் கழுவும் அங்கணத்தில் டம்ளர், கரண்டி, தட்டு எல்லாம் கவிழ்த்து வரிசையாக வைத்திருந்தது. எல்லாம் முந்தைய நாளே கழுவியவை. குளியலறையில் குழாயைத் திருகினால் உப்புத் தண்ணீர் தாராளமாகக் கொட்டும். அவள் அதைத் தொடவில்லை.

மாடிப் பெண் எனக்குப் பின்னாலேயே வந்து மெதுவாகச் சொன்னாள். "இது இன்னைக்கு நேத்து இல்ல அண்ணாச்சி. நான் லீவு போடுற அன்னைக்கெல்லாம் பாத்திருக்கேன். ஒரே டம்ளர எத்தன வாட்டி கழுவுதாவ. கைய சோப்புப் போட்டுத் தேச்சுக்கிட்டே நிப்பாவ, அரை மணி நேரம், ஒரு மணி நேரம். அன்னைக்குப் படியில நீங்க கேட்டப்பவே சொல்லியிருப்பேன். நீங்க தப்பா எடுத்துக்கிடுவியளோன்னு விட்டுட்டேன்."

நான் அவளிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அதற்கு ஒரு வாரம் ஆயிற்று.

முற்றத்துக்குத் திரும்பி வந்து மனைவியின் எதிரே உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தேன். உள்ளங்கை வெளுத்து ஊறியிருந்தது. விரல் இடுக்குகளில் வெடிப்பு. மணிக்கட்டுக்கு மேல் தோல் சிவந்து செதில் செதிலாக உரிந்திருந்தது. இந்தக் கையால்தான் தினமும் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

"என்னம்மிணி இது?"

"போவுலீங்க."

"என்ன போவுல?"

"கலருங்க."

"கலரா? எங்க இருக்குது? ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லைன்னு எனக்கே தெரியுதுங்க" என்று சொல்லி அழுதாள். "கண்ணுக்கு ஒண்ணும் தெரியலை. ஆனா இருக்குதுன்னே தோணுது. இன்னொருக்கா கழுவுனா போயிருமுன்னு கழுவறேன். கழுவுனா, இன்னும் ஒருக்காங்குது. நிறுத்த முடியலீங்க. பைத்தியம் புடிச்சிருச்சுங்களா எனக்கு?"

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பேத்தி பிறந்து இரண்டாவது மாதத்தில் குழந்தையின் முதுகிலும் தொடையிலும் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம் கிளம்பியது. டாக்டர் ஒரு களிம்பு கொடுத்தார். ஒரே வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் அந்த ஒரு வாரத்துக்குள் சம்பந்தியம்மா பார்க்க வந்திருந்தார். குழந்தையின் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்த் தண்ணியில குளிப்பாட்டுனா வேற என்ன வருமுங்க? எங்கூருக்குக் கூட்டிட்டுப் போயிர்றமுங்க" என்று சொன்னார். எங்களைக் குற்றம் சொல்லும் நோக்கமெல்லாம் அவருக்கு இல்லை. போகிற போக்கில் சொன்னதுதான். மூன்று மாதம் இருக்க வேண்டிய மகள் குழந்தையோடு அந்த வாரமே கிளம்பிப் போனாள். அதற்கு அடுத்த வாரம் என் மனைவி பிளம்பரைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"சம்பந்தியம்மா சொன்னது தப்பில்லீங்க" என்றாள். "எனக்குத் தெரியாத தண்ணியா?"

அவள் பிறந்த ஊர் ஆற்றுக்குக் கீழ்க்கரையில், எங்கள் ஊரைத் தாண்டி ஆறு போகிற வழியில் இருக்கிறது. அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் பட்டறைகள் ஆற்றில் விட்ட சாயத் தண்ணீர் ஊறி அவர்கள் தோட்டத்துக் கிணறு நிறம் மாறியது. எனக்கு இது தெரியும். பெண் பார்க்கப் போனபோதே சொல்லியிருந்தார்கள், விவசாயம் படுத்துவிட்டது, மாதச் சம்பளக்காரனாகப் பார்க்கிறோம் என்று. அது ஒரு தகவலாகத்தான் எனக்குள் இருந்தது. அன்றைக்கு முற்றத்தில் வைத்துத்தான் முதல்முறையாக அவள் வாயால் அதைக் கேட்டேன்.

"எங்கப்பாரு வாளியில எறச்சு, கையில அள்ளி மோந்து பாத்தாருங்க. அப்பறம் வாயில ஊத்திப் பாத்தாரு. துப்பவே இல்லை. அப்படியே நின்னாரு. மாடு அந்தத் தண்ணியக் குடிச்சிட்டு வந்தா நாக்கு நெறமா இருக்கும். எங்கம்மா எங்க கையத் தேச்சுத் தேச்சுக் கழுவி உடுவா."

"இவ்வளவு வருஷத்துல ஒரு நாளும் சொல்லலையே நீ."

"என்னன்னு சொல்றதுங்க? நீங்க அந்த வேலைக்குத்தான போறீங்க. அதுலதான சோறு திங்கறோம்."

என் நகக்கண்ணில் அன்றைக்கும் நீலம் இருந்தது. காலையில் ஒரு கடல்நீல நிறத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. அந்தக் கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விட்டுவிடலாமா, பிடித்திருக்கலாமா என்று தெரியவில்லை.

மாடிப் பெண்தான் ஒரு டாக்டரைச் சொன்னாள். அவர்கள் கம்பெனியில் வேலை செய்கிற ஒருத்திக்கு இதே மாதிரி இருந்து குணமானதாம். போர்டில் 'மனநலம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் என் மனைவி படியில் நின்றுவிட்டாள். நானும் நின்றேன். எதிர்க்கடைக்காரன் எங்களைப் பார்க்கிறானோ என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு அவள்தான் முதலில் ஏறினாள்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். என் மனைவியிடம் அரை மணி நேரம் தனியாகப் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இது பைத்தியமும் இல்லை, பழக்கக் கோளாறும் இல்லை. இது ஒரு நோய். பேர் இருக்குது, மருந்து இருக்குது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும்" என்றார். மாத்திரை எழுதினார். கழுவத் தோன்றும்போது முதலில் ஐந்து நிமிடம் தள்ளிப்போடப் பழக வேண்டும், பிறகு பத்து நிமிடம், அந்த நேரத்தில் பயம் ஏறும், ஏறித் தானாகவே இறங்கும், அதை அவள் கழுவாமல் பொறுத்திருந்து பார்க்க வேண்டும் என்றார்.

"நான் என்ன செய்யணுமுங்க?"

"முதல்ல தண்ணிய அளக்கறத நிறுத்துங்க. அவங்க அதை உங்களுக்குப் பயந்து ஒளிச்சிருக்காங்க. ஒளிச்சு ஒளிச்சு இன்னும் ஜாஸ்தி ஆயிருக்குது. இன்னொண்ணு. 'சுத்தமா இருக்குதுங்களா, கலர் போயிருச்சுங்களா'ன்னு உங்ககிட்டக் கேப்பாங்க. பதில் சொல்லாதீங்க. ஆமான்னும் சொல்ல வேண்டாம், இல்லைன்னும் சொல்ல வேண்டாம். நீங்க ஒரு தடவை சொன்னா பத்து தடவை கேக்கத் தோணும்."

அது எளிதாக இருக்கவில்லை. முதல் மாதம் மாத்திரை அவளைத் தூங்கவைத்தது, வேறெதுவும் ஆகவில்லை. அவள் அங்கணத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். "போயிருச்சுங்களா?" என்று கேட்பாள். நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். எதிரில் கிடந்து துடிக்கிறவளுக்கு ஒரு வார்த்தை கொடுக்காமல் இருப்பது மருந்து என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. இரண்டு முறை தாங்க முடியாமல் "போயிருச்சு" என்று சொல்லிவிட்டேன். இரண்டு முறையும் அன்றைக்கு முழுக்க அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

லீவு போட்டேன். முடிந்ததும் இன்னும் கொஞ்சம் போட்டேன். மாடிப் பெண்ணிடம், "அன்னைக்கு உங்களக் கேட்டது எந் தப்புங்க" என்று சொன்னபோது, "அத விடுங்க அண்ணாச்சி. அந்தத் தொட்டி மூடிக்கு ஒரு பூட்டுப் போடுங்க" என்றாள். அன்றே போட்டேன். சாவியை யாரிடம் வைப்பது என்று எனக்கும் மனைவிக்கும் ஒரு நாள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் மாடியில் கொடுத்தோம்.

மூன்றாவது மாதம் அவள் ஒரு காலை வேளையில் காப்பி டம்ளரைக் கழுவி ஒரே தடவையில் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பேப்பர் படிப்பதுபோல இருந்தேன். கால்மணி நேரம் கழித்து அவள் நகர்ந்து போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். அன்றைக்கு அதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் பழையபடி மூன்று தடவை கழுவினாள்.

வெடிப்புகள் ஆறின. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த என் தாளை நான் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆனால் அதிலிருந்தவற்றில் சிலதை அவளே பிற்பாடு எடுத்துக்கொண்டாள், வேறு விதமாக. பாத்திரத்துக்கு இத்தனை குண்டான் என்று முதலிலேயே பிடித்து வைத்துக்கொண்டால் குழாய்க்கு அடியில் நிற்க வேண்டியதில்லை, நிற்காவிட்டால் நிறுத்துவதும் சுலபம் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். குளிக்க உப்புத் தண்ணீருக்குத் திரும்பினாள். துவைப்பதை மெஷினில் போட்டுக் கதவை மூடிவிட்டு முன்னறைக்கு வந்துவிடுவாள். குடிப்பதற்கும் சமையலுக்கும் நல்ல தண்ணீர். அதற்குமேல் ஒரு பக்கெட் நல்ல தண்ணீர் மட்டும் தனக்கென்று தினமும் எடுத்துக்கொள்கிறாள். அதை வேண்டாமென்று நானும் சொல்லவில்லை, டாக்டரும் இப்போதைக்குச் சொல்லவில்லை.

போன மாதம் வந்த பில்லில் பயன்பாடு அந்த மூன்று மடங்கு பில்லில் பாதிக்கும் கீழே இருந்தது. பழைய அளவுக்கு இன்னும் வரவில்லை. அவளிடம் காட்டவில்லை. அவளே மேஜைமேல் இருந்ததை எடுத்துப் பார்த்து, எந்த வரி எதைச் சொல்கிறது என்று கேட்டாள். ஆபீஸ் அம்மாள் சொன்னபடியே சொன்னேன். கழித்துப் பார்த்தாள். மடித்து வைத்தாள்.

மகளிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கையில் அலர்ஜி என்று சொல்லியிருக்கிறோம். வரச் சொல்கிறோம், வருகிறேன் என்கிறாள். குழந்தையை எந்தத் தண்ணீரில் குளிப்பாட்டுவது என்ற பேச்சு வருமே என்று மூன்று பேருக்கும் உள்ளுக்குள் ஒரு தயக்கம் இருக்கிறது. யாரும் அதைச் சொல்வதில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, உங்க பட்டறைத் தண்ணி இப்ப எங்கீங்க போவுது?"

இது நோய் கேட்கிற கேள்வியா, கிணற்றுக்காரர் மகள் கேட்கிற கேள்வியா என்று எனக்குப் புரியவில்லை. நோய் கேட்டால் பதில் சொல்லக் கூடாது. மற்றதற்குச் சொல்லியாக வேண்டும், முப்பது வருடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சாதத்தைப் பிசைந்தேன்.

பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இப்போது எங்கள் பட்டறையில் ஒரு சொட்டும் வெளியே விடுவதில்லை, சுத்திகரித்துத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், மிஞ்சுகிற உப்பை மூட்டை கட்டி வைத்திருக்கிறோம். அந்த மூட்டைகளை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. மழை பெய்தால் ஆற்றில் நுரை வருவதை நானும் பாலத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

"எங்கூருக் கெணறு?"

"அது சரியாகறதுக்கு நெம்ப நாளாகுமுங்கறாங்க. எனக்குத் தெரியலை."

அவள் தலையாட்டினாள். மறுபடி கேட்கவில்லை. மோர் வேண்டுமா என்றாள். வேண்டும் என்றேன். ஊற்றிவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.